பிள்ளைக்கு மருத்துவர் பார்க்கும்போது: வாசகர் கேள்வி - பதில்

சிங்கப்பூரில் குழந்தைக்கு மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது பற்றியும், அவருடைய தகுதியைச் சரிபார்ப்பது பற்றியும் வந்த கடிதங்களை இவ்விதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விட்டு, வசிக்கும் வட்டாரத்தை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். கணவரின் வேலைக்காகத் திருச்சியிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மருத்துவரைச் சொல்கிறார். கணவரின் அலுவலகத்தில் வேறொருவரைச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவதாக ஒரு பெயர் வருகிறது. மூவரும் உண்மையில் குழந்தை நல மருத்துவர்கள்தாமா? இதை எங்கே விசாரிப்பது?
- வாசகி, பொங்கோல்

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒருவர் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படிப்பட்டவர்தாமா என்பது முதலாவது. அவர் உங்கள் குழந்தைக்கும் உங்கள் குடும்பத்துக்கும் ஏற்றவரா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு எவருடைய அபிப்பிராயமும் தேவையில்லை. பொதுமக்கள் பார்ப்பதற்கென்றே திறந்து வைக்கப்பட்டுள்ள பதிவேட்டில் அதற்குத் திட்டவட்டமான விடை இருக்கிறது. அதைப் பார்த்து முடித்த பிறகு அக்கம்பக்கத்தாரின் யோசனையைக் கேட்பதே சரியான வரிசை என்று நான் கருதுகிறேன்.

சிங்கப்பூரில் மருத்துவத் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். மன்றத்தின் இணையத்தளத்தில் மருத்துவரைத் தேடும் வசதி உண்டு. அதற்குக் கட்டணமும் இல்லை, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் அடையாளக் கணக்கும் தேவையில்லை. பெயரைத் தட்டச்சு செய்தால் அவருடைய பதிவுப் பக்கம் திறக்கும். நம்மவர் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. மருந்தகப் பலகையில் சுருக்கமாக ஒரு பெயர் இருக்கும். பதிவேட்டில் தந்தை பெயருடன் சேர்த்து முழுப்பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். ஆகவே பெயரின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் மருந்தகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'எம்' என்ற எழுத்தில் தொடங்கி, ஐந்து இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் கொண்ட எண் அது. மருத்துவ விடுப்புச் சான்றிதழில் மருத்துவரின் முத்திரையோடு நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அதே எண்தான். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பக்கம் திறந்ததும் கண்ணில் படுவது பட்டங்களின் வரிசை. அதில் நின்றுவிடாமல் கீழே வாருங்கள். முதலில், பதிவின் வகை. முழுமையான பதிவு உள்ளவர் எவருடைய மேற்பார்வையும் இன்றிச் சொந்தமாகத் தொழில் நடத்தலாம். நிபந்தனையுடன் கூடிய பதிவு என்றால், பெரும்பாலும் வெளிநாட்டில் படித்து வந்து, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமொன்றில் மேற்பார்வையின்கீழ்ப் பணிபுரிபவர் என்று பொருள். அது குறையன்று, நம் அரசாங்க மருத்துவமனைகளில் அப்படிப் பணியாற்றும் திறமைசாலிகள் பலர் உண்டு. ஆனால் அவருக்கு மேலே ஒருவர் பொறுப்பில் இருக்கிறார் என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. அடுத்து, தொழில் நடத்துவதற்கான சான்றிதழ் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். மருத்துவர்கள் இதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமானால் தொடர் மருத்துவக் கல்விக்கான புள்ளிகளைச் சேர்த்திருக்க வேண்டும். இது 2003 முதல் கட்டாயமாக இருந்து வருகிறது. பதிவேட்டில் பெயர் இருந்தும் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் அவர் நோயாளியைப் பார்க்க முடியாது.

உங்கள் கேள்விக்கு நேரடியான விடை தருவது அதற்கும் கீழே உள்ள சிறப்புத் துறை என்ற வரி. அங்கே 'பீடியாட்ரிக் மெடிசின்' என்று இருந்து, நிபுணர் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட தேதியும் இருந்தால் அவர் குழந்தை நல நிபுணர். 'பீடியாட்ரிக் சர்ஜரி' என்று இருந்தால் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர். அது தனித் துறை. அந்த வரி வெறுமையாக இருந்தால் அவர் நிபுணராகப் பதிவு பெறவில்லை. அவருடைய பலகையில் குழந்தை படம் இருந்தாலும், சுவரெல்லாம் கரடி பொம்மை வரைந்திருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளை வைத்தும் முடிவு கட்ட முடியாது. எம்ஆர்சிபிசிஎச் என்பது பிரிட்டனின் அரச குழந்தை நல மருத்துவக் கல்லூரி நடத்தும் தேர்வில் தேறியவர் பெறும் தகுதி. எம்மெட் என்பது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மேற்படிப்புப் பட்டம். இரண்டும் கடினமாக உழைத்துப் பெறும் தகுதிகள்தாம். ஆயினும் அவற்றைப் பெற்ற பின்னும் பயிற்சி தொடரும். பயிற்சி முழுவதையும் முடித்து, நிபுணர் அங்கீகார வாரியத்தின் சான்றும் பெற்ற பிறகுதான் அந்த வரி நிரம்பும்.

மூன்று பெயர்களையும் இப்படிப் பார்த்துவிட்ட பிறகு, இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். பிரசவத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுவது உத்தமம். தனியார் மருத்துவமனையில் பிரசவம் என்றால், குழந்தையை முதன்முதலில் பரிசோதிக்கும் குழந்தை நல மருத்துவரைப் பெரும்பாலும் உங்கள் மகப்பேற்று மருத்துவரே ஏற்பாடு செய்வார். உங்களுக்கு விருப்பமானவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லலாம். அரசாங்க மருத்துவமனை என்றால் அன்று பணியில் உள்ள குழுவினர் பார்ப்பார்கள். வீடு திரும்பிய சில நாள்களுக்குள் மஞ்சள் காமாலைக்காகக் குழந்தையை மறுபடி காட்ட வேண்டியிருக்கும். பிறந்து ஐந்தாறு நாளே ஆன பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, தூக்கமும் இல்லாமல், எந்த மருந்தகம் என்று தேடும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

மருந்தகத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. மருத்துவர் விடுப்பில் இருந்தால் யார் பார்ப்பார். குழந்தையை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் எந்த மருத்துவமனையில் அவரே தொடர்ந்து கவனிக்க முடியும். ஆலோசனைக் கட்டணம் எவ்வளவு, தடுப்பூசிக்குத் தனியே எவ்வளவு. வேலை அனுமதியில் வந்துள்ள குடும்பங்களுக்கு இக்கட்டணக் கேள்வி முக்கியமானது. தேசிய சிறார் தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஊசிகள் பலதுறை மருந்தகங்களிலும் (அரசாங்கப் பாலிகிளினிக்குகள்), சாஸ் எனப்படும் சமூக சுகாதார உதவித் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகங்களிலும் முழு மானியத்தில் கிடைப்பது, நவம்பர் 2020 முதல், சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்கே. உங்கள் கணவரின் நிறுவனக் காப்புறுதி குறிப்பிட்ட மருந்தகங்களை மட்டும் ஏற்குமானால் அந்தப் பட்டியலையும் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இனி, எந்தப் பதிவேட்டிலும் காணக் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். முதல் முறை போகும்போது மருத்துவரின் கைகளைக் கவனியுங்கள். பழகிய குழந்தை மருத்துவர், பிள்ளை உங்கள் மடியில் இருக்கும்போதே, தொடுவதற்கு முன்பே, சட்டையைச் சற்று உயர்த்தச் சொல்லி வயிறும் விலாவும் மூச்சுக்கு எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை அழத் தொடங்கிவிட்டால் மூச்சை எண்ண முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதே காரணத்தால்தான் நெஞ்சொலியை முதலில் கேட்பார், பிள்ளை வெறுக்கும் காதையும் தொண்டையையும் கடைசிக்கு வைத்துக்கொள்வார். எடையைக் குறித்ததோடு விடாமல், சுகாதாரக் கையேட்டில் உள்ள வளர்ச்சி வரைகோட்டில் அதைப் புள்ளியாக வைத்து, முந்தைய புள்ளிகளோடு சேர்த்து உங்களுக்குக் காட்டுவார். ஒரு நாளைய எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும் கோடு எந்தத் திசையில் போகிறது என்பதே அவருக்குப் பொருட்டு. இவ்வளவையும் சில நிமிடங்களில் ஒருவர் செய்வதை நீங்கள் பார்த்தால், மற்றவை தாமே பிடிபடும்.

ஒன்றை மறக்காதீர்கள். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் குறைவு) இருக்கிறதா என்று 1965 முதல் பரிசோதித்து வருகிறார்கள். அதன் முடிவைக் கேட்டு வாங்கி, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறைபாடு இருந்தால் சில மருந்துகளும், துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும்கூடக் குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழே உள்ள மருத்துவர் என் மாமியார் முதல் என் இரண்டு பிள்ளைகள் வரை எல்லாரையும் பல ஆண்டுகளாகப் பார்க்கிறார். அவர் குழந்தை நல நிபுணர் இல்லை. என் தங்கை, 'அக்கா, பிள்ளைகளை ஏன் இன்னும் பொது மருத்துவரிடம் காட்டுகிறாய்' என்று கடிந்துகொள்கிறாள். மாற்ற வேண்டுமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: மாற்ற வேண்டியதில்லை. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி, வயதுக்கேற்ற வளர்ச்சிப் பரிசோதனை ஆகிய அனைத்தையும் நல்ல குடும்ப மருத்துவரும் பலதுறை மருந்தகமும் கவனித்துக்கொள்ள முடியும். உங்கள் மாமியாருக்கு ஆஸ்துமா இருந்ததும், மூத்த பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் நினைவில் உள்ள ஒருவரை இழப்பது சாதாரண இழப்பாகாது. அவருடைய பெயரையும் மருத்துவ மன்றப் பதிவேட்டில் பாருங்கள். குடும்ப மருத்துவர்களுக்கென்று தனிப் பதிவேடு உண்டு, அதில் இடம்பெற்றவர்கள் அத்துறையில் கூடுதல் பயிற்சியோ அனுபவமோ பெற்றவர்கள்.

நிபுணர் தேவைப்படும் சூழ்நிலைகளும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறவியிலேயே இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு உள்ள பிள்ளை, வளர்ச்சிக் கோடு தொடர்ந்து கீழிறங்கும் பிள்ளை, அடிக்கடி மூச்சிரைப்பு வந்து மருத்துவமனையில் சேர்க்கப்படும் பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை ஆகியோருக்கு நிபுணரின் தொடர் கவனிப்பு வேண்டும். அவ்வாறு ஒரு நிலை வரும்போது தயங்காமல் அனுப்பிவைப்பவரே நல்ல குடும்ப மருத்துவர். 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று இழுத்தடிப்பவரைப் பற்றி மட்டும்தான் உங்கள் தங்கையின் கவலை நியாயமாகும். கேகே மாதர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போவதே வழக்கமான வழி. சாஸ் அட்டை உள்ளவர்கள் சாஸ் மருந்தகத்திலிருந்தும் பரிந்துரை பெறலாம். தனியார் நிபுணரிடம் பரிந்துரை இல்லாமலேயே போகலாம், கட்டணம் முழுவதும் உங்களுடையது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டால் குடும்ப மருத்துவரா, நிபுணரா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். நேராகச் சிறார் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ, குழந்தை துவண்டு போனாலோ 995 எண்ணை அழையுங்கள்.

கேள்வி: என் மருமகள் கைத்தொலைபேசியில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து மருத்துவரை முடிவு செய்கிறாள். எனக்கோ, தமிழ் பேசும் மருத்துவராக இருந்தால் நாலு வார்த்தை நானும் கேட்கலாம் என்று இருக்கிறது. பேரனுக்கு உரைமருந்து கொடுத்தேன் என்று சொன்னால் திட்டுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. நான் என்ன செய்வது?
- ஒரு பாட்டி, தெம்பனிஸ்

பதில்: அம்மா, பகல் முழுவதும் பேரனைப் பார்த்துக்கொள்பவர் நீங்கள். அவன் எத்தனை முறை பால் குடித்தான், எப்போது இருமினான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அப்படியிருக்க, மருத்துவர் சொல்வது உங்களுக்குப் புரிவதும், நீங்கள் சொல்வது அவருக்குப் புரிவதும் குழந்தையின் பாதுகாப்பைச் சேர்ந்த விஷயம். தமிழ் பேசுபவராக இருப்பதை விரும்புவதில் தவறே இல்லை. பதிவேட்டில் மருத்துவர் பேசும் மொழி இருக்காது. மருந்தகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆனால் தகுதியை முதலில் பார்த்து, மொழியைப் பிறகு பாருங்கள். தமிழ் பேசாத மருத்துவர் என்றாலும் மருமகள் உடன் இருந்து, மருத்துவர் சொன்னதை அங்கேயே உங்களுக்கு எடுத்துச் சொன்னால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

மருமகள் பார்க்கும் நட்சத்திரங்களைப் பற்றி இரண்டு செய்திகளை அவரிடம் சொல்லுங்கள். நோயாளியின் விவரங்களை வெளியிடக்கூடாது என்ற கடமை மருத்துவருக்கு இருப்பதால், ஒருவர் குறை எழுதினால் நடந்தது என்ன என்று அவரால் அங்கே விவரித்துப் பதில் சொல்ல முடியாது. நாம் படிப்பது எப்போதும் ஒரு தரப்பை மட்டுமே. மேலும், நோயாளிகளின் புகழுரைகளை விளம்பரமாகப் பயன்படுத்துவதற்குச் சிங்கப்பூரில் தடை உண்டு. ஆகவே ஒரு மருந்தகமே அப்படிப்பட்ட பாராட்டுகளைத் தன் விளம்பரத்தில் பரப்பினால் அதைக் கண்டு மகிழ்வதற்குப் பதில் யோசிக்க வேண்டும். காத்திருக்கும் நேரம், தாதியரின் பேச்சு, கார் நிறுத்துமிடம் ஆகியவற்றை அறிந்துகொள்ள அந்தக் கருத்துகள் உதவும். நோயைக் கண்டறியும் திறமையை அவற்றைக் கொண்டு எடைபோட முடியாது.

உரைமருந்தைப் பற்றி மறைக்காதீர்கள், அம்மா. வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் என்று என்னென்ன உரைத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று அப்படியே சொல்லுங்கள். பழக்கத்தைக் கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டு, ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். வசம்பில் நச்சுத்தன்மை உள்ள பொருள் இருக்கிறது; தயாரித்து விற்கப்படும் சில நாட்டு மருந்துகளிலும் கண்மைகளிலும் ஈயம் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டுமே மருத்துவர் அறிய வேண்டியவை. சேனை தொட்டு வைக்கும்போதும் சரி, வேறெப்போதும் சரி, ஒரு வயது நிறையும்வரை தேன் மட்டும் கூடவே கூடாது. குழந்தையின் குடலில் நச்சைச் சுரக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும். சித்த, ஆயுர்வேத முறைகளில் பார்ப்பவர்களிடம் பேரனைக் கொண்டு செல்ல நினைத்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சிங்கப்பூரில் சீனப் பாரம்பரிய மருத்துவர்களுக்குச் சட்டப்படியான வாரியமும் பதிவேடும் உண்டு, சித்த, ஆயுர்வேத முறைகளுக்கு அத்தகைய பதிவேடு இல்லை. ஆகவே அவர்களுடைய பின்னணியைச் சரிபார்க்க உங்களுக்கு இங்கே அதிகாரபூர்வமான இடம் எதுவும் இல்லை. கைக்குழந்தை விஷயத்தில் அது எனக்குப் போதுமான காரணம்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது, பேச்சு சரியாக வரவில்லை. நண்பர் ஒருவர் 'பிள்ளை வளர்ச்சி நிபுணர்' என்று அட்டை வைத்திருக்கும் ஒருவரிடம் அனுப்பினார். அவர் ஆறு மாதத் தொகுப்புக்கு முன்பணம் கேட்கிறார், பேச வைத்துவிடுவதாக உறுதியும் தருகிறார். மருத்துவ மன்றப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ஏமாற்றா?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: மருத்துவராக இல்லாத ஒருவரின் பெயர் அப்பதிவேட்டில் இல்லாதது இயல்பு. அவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். பேச்சு சிகிச்சையாளர், செயல்முறை சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), இயன்முறை சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்) ஆகியோர் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த துணை மருத்துவத் துறையினர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 'அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சில்' என்று தேடினால் அதன் பதிவேடு கிடைக்கும். உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால், சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இவற்றில் எதிலும் இல்லாமல் 'வளர்ச்சி நிபுணர்' என்று மட்டும் அட்டை அடித்துக்கொண்டவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். பிள்ளையை முழுமையாக மதிப்பிடுவதற்கு முன்பே பேச வைத்துவிடுவதாக உறுதி தருபவர், பதிவு பெற்றவராகவே இருந்தாலும், என் நம்பிக்கையைப் பெற மாட்டார்.

நீங்கள் போக வேண்டிய பாதை வேறு. பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பிள்ளையின் சுகாதாரக் கையேட்டை எடுத்துச் சென்று, வளர்ச்சிப் பரிசோதனைப் பக்கங்களைக் காட்டுங்கள். தேவையென்று கண்டால் கேகே மருத்துவமனையின் பிள்ளை வளர்ச்சித் துறைக்கோ, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பிள்ளை வளர்ச்சிப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது அங்கே முதல் வேலைகளில் ஒன்றாக இருக்கும். வளர்ச்சியில் பின்தங்கிய சிறு பிள்ளைகளுக்குச் சீக்கிரமே பயிற்சி தரும், அரசாங்க ஆதரவு பெற்ற இளவயதுத் தலையீட்டுத் திட்டங்களில் சேர்வதற்கும் மருத்துவரின் பரிந்துரை வேண்டும் என்பதால், இந்தப் பாதையைத் தாண்டிக் குதிப்பதில் லாபம் இல்லை. முன்பதிவுக்குக் காத்திருக்க நேரலாம். அந்த இடைவெளியில் தனியாரிடம் சிகிச்சை தொடங்க விரும்பினால் பதிவு பெற்ற பேச்சு சிகிச்சையாளரிடம் தொடங்குங்கள்.

வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் ஆங்கிலம் என்பதால்தான் பேச்சு தாமதம் என்று சிலர் சொல்லித் தமிழை நிறுத்தச் சொல்வார்கள். இரு மொழிகள் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. மதிப்பீடு செய்பவர் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களையும் கணக்கில் சேர்க்கிறாரா என்று கவனியுங்கள். 'பால்', 'வா', 'தாத்தா' என்று அவன் சொல்வதைக் கேட்காமலே அவனுடைய சொற்களை எண்ண முடியாது.

கேள்வி: மகளுக்குக் காய்ச்சல் என்று சென்ற மருந்தகத்தில் கொடுத்த பாட்டிலில் அளவு தெளிவாக இல்லை, கேட்டதற்கு மருத்துவர் எரிந்து விழுந்தார். இவரைப் பற்றி முன்பு புகார்கள் இருந்தனவா என்று எப்படி அறிவது? புகார் செய்வது எப்படி?
- வாசகி, செங்காங்

பதில்: முதலில் பாட்டிலைப் பற்றி. பாராசிட்டமால் திரவ மருந்து இங்கே ஐந்து மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரு வலிமைகளில் கிடைக்கிறது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் வேண்டும். முதல் பாட்டிலில் அது ஆறேகால் மில்லிலிட்டர். இரண்டாவதில் 3 மில்லிலிட்டர். பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் உள்ளே போய்விடும். ஆகவே நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. பிள்ளையின் எடை, பாட்டிலின் வலிமை, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிலிட்டர், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை வேளை ஆகிய நான்கும் தெளிவாகும்வரை மருந்தை வாங்கிக்கொண்டு எழுந்திருக்காதீர்கள்.

முந்தைய நடவடிக்கைகளைப் பற்றி: ஒழுங்கு நடவடிக்கை நடுவர் மன்றங்களின் தீர்ப்புகளை மருத்துவ மன்றம் தன் இணையத்தளத்தில் தனிப் பகுதியில் வெளியிடுகிறது. அதில் மருத்துவரின் பெயரைத் தேடலாம். விசாரணையில் இருக்கும் புகார்கள் அங்கே இருக்கமாட்டா. ஏதேனும் கிடைத்தால் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராமல் தீர்ப்பின் காரணங்களைப் படியுங்கள். சட்டப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை இடைநீக்கம் செய்யலாம், 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். ஆவணங்களைச் சரியாக எழுதி வைக்காததற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் தண்டிக்கப்பட்டவரையும், நோயாளிக்குத் தீங்கு விளைவித்தவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

புகாரைப் பொறுத்தவரை, எரிந்து விழுந்ததற்கு மருந்தகத்துக்கே எழுத்தில் தெரிவித்து விளக்கம் கேட்பது முதல் படி. மருத்துவரின் தொழில் நடத்தையில் பிழை என்று கருதினால், சட்டபூர்வ உறுதிமொழிப் பத்திரத்தோடு மருத்துவ மன்றத்தில் புகார் அளிக்கலாம்; ஜூலை 2022 முதல் புகார்களை முதற்கட்டத்தில் விசாரணைக் குழு ஒன்று ஆராய்ந்து, மேலே கொண்டு செல்ல வேண்டுமா என்று தீர்மானிக்கிறது. மன்றம் இழப்பீடு வாங்கித் தராது. பாட்டில், ஒட்டிய சீட்டு, ரசீது ஆகியவற்றை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: வளைகாப்பு முடிந்து மனைவி தஞ்சாவூரில் தாய்வீட்டுக்குப் போகிறாள், பிரசவம் அங்கேதான். குழந்தைக்குச் சில மாதங்கள் ஆன பிறகு அழைத்து வருவேன். அங்குள்ள குழந்தை மருத்துவரை நான் இங்கிருந்தே சரிபார்க்க முடியுமா?
- வாசகர், ஈசூன்

பதில்: முடியும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலும், இந்திய அளவில் தேசிய மருத்துவ ஆணையமும் பதிவு பெற்ற மருத்துவர்களின் பட்டியலை இணையத்தில் வைத்துள்ளன. இவ்வாணையம் 2020இல் பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்தது. பெயரோடு பதிவு எண்ணும் இருந்தால் தேடல் எளிதாகும், ஏனெனில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். எண்ணை மருத்துவரின் மருந்துச் சீட்டில் பார்க்கலாம். மாமனாரிடம் சொல்லி ஒரு சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குழந்தை மருத்துவத்தில் எம்டி அல்லது டிஎன்பி என்பது முழு மேற்படிப்பு. டிசிஎச் என்பது பட்டயம். தஞ்சாவூர் போன்ற ஊர்களில் டிசிஎச் படித்து நெடுங்காலம் தொழில் நடத்தி நல்ல பெயர் எடுத்தவர்கள் உண்டு. ஆயினும் பிறந்த குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார் என்பதையும் மாமனாரை விட்டுக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிகளில் கவனமாக இருங்கள். வெளிநாட்டில் பிறந்து நீண்டகால அனுமதியில் சிங்கப்பூர் வரும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், பிப்ரவரி 2019 முதல், தொண்டை அடைப்பான், தட்டம்மை ஆகிய இரண்டுக்கும் தடுப்பூசி போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். தட்டம்மை ஊசி தமிழ்நாட்டு அரசு அட்டவணையில் ஒன்பது மாதத்தில் தொடங்குகிறது, இங்கே 12 மாதத்தில். ஆகவே அங்கே போட்ட ஒவ்வோர் ஊசிக்கும் மருந்தின் பெயர், தேதி, தொகுப்பு எண், மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள அட்டையை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி, படி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கியதும் அந்த அட்டையோடு பலதுறை மருந்தகத்துக்கோ நீங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவரிடமோ சென்று, எவை இங்குள்ள கணக்கில் சேரும், எதை மறுபடி போட வேண்டும் என்று கேளுங்கள்.